நேர்முடியின் நடுநிலைமை

விஞ்ஞானம் நடுநிலையானது, சமன்பாட்டுக்கு இனமும் இல்லை, நிறமும் இல்லை என்பது தொழினுட்பவாதிகள் ஓயாது உச்சரிக்கும் மந்திரம். இம்மந்திரத்தின் மெய்ம்மையைச் சோதிக்க, கணினி அசைவூட்டப் படங்களில் தலைமுடி உருவாக்கப்படும் முறையை நோக்குவதே போதுமானது.

கணினிக்கு முடி என்பது வளைந்துகொடுக்கும் மெல்லிய கோல். அதனைப் பல புள்ளிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் திணிவு வழங்கி, இடையே விற்சுருள்களைப் பொருத்தி அசைவிப்பது பழைய முறை. நேர்முடிக்கு அது ஒருவாறு பொருந்தும். சுருள்முடியோ தன் பாரத்தாலேயே அவிழ்ந்து நீண்டுவிடும். எனினும், நேர்முடியின் முறையே நெடுங்காலம் ‘மனித முடி’யின் முறை எனப் பெயர்பெற்று நின்றது. சுருண்ட முடி ‘விசேட’ பிரச்சினையாயிற்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியடோர் கிம் 2020இல் இதனையே இனவாதத்தின் எச்சமெனச் சுட்டினார்.

“நேர்முடி இலகுவானது; ஆகவே முதலில் ஆராயப்பட்டது. இதில் சார்பு எங்கே?” என வினவுவோர் உளர். அவர்கள் வரலாற்றை நோக்கட்டும். மெல்லிய கோல்களின் வளைவையும் முறுக்கையும் விளக்கும் கொள்கையைக் கிர்க்கொவ் 1859இலேயே வகுத்தார். அவர்வழி வளர்ந்த கொள்கையில் இயல்பான வளைவுக்கும் இயல்பான முறுக்குக்கும் இடமுண்டு. அவ்விரண்டும் பூச்சியமாகும் தனிநிலையே நேர்க்கோல். கணிதத்தில் சுருளே பொது, நேர் விதிவிலக்கு. இவ்வொழுங்கைத் தலைகீழாக்கியது சமன்பாடன்று. அதனைக் கையாண்ட மனிதரின் தெரிவே.

கடினம் என்ற வாதமும் நிலைக்காது. 2012இல் வெளிவந்த ‘பிரேவ்’ படத்தில் ஸ்கொட்லாந்து இளவரசியொருத்தியின் செஞ்சுருள் முடிக்காகப் பிக்ஸார் நிறுவனம் புதிய அசைவு முறையொன்றையே ஆக்கிற்று. சுருள் அவிழாமல் காக்க, அதன் நடுவே கற்பனை விற்சுருள் ஒன்று இழுத்துப் பிடித்தது. ஓர் இளவரசிக்காகத் தீர்ந்த கடினம், கோடிக்கணக்கான கறுப்பின மக்களின் இறுக்கமாகச் சுருண்ட முடிக்கு மட்டும் தீராதிருந்தது ஏன்? வேண்டப்பட்டது தீர்க்கப்பட்டது, வேண்டப்படாதது ‘கடினம்’ எனப்பட்டது. சந்தையின் மீது பழியைப் போடுவதும் விடையாகாது. எவருடைய முகம் விலைபோகும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் சார்பு.

2024இல் கிம், டார்க் முதலியோர் இறுகச் சுருண்ட முடியின் கேத்திரகணிதத்தையே ஆய்வுப்பொருளாக்கினர். தலையோட்டின் அருகே ஒழுங்கின்றி முளைக்கும் இழைகள் சற்று அப்பால் ஒரே சுருளாக இணைவதும், சில இழைகள் அதிலிருந்து விலகுவதும் அதில் விதிகளாக வகுக்கப்பட்டன. இதற்குத் தேவைப்பட்டது புதிய பௌதிகமன்று. அம்முடியை முடியென மதித்து நோக்கிய கண்.

ஆகவே, ‘பொதுமுறை’ என்று எழுதப்பட்ட ஒவ்வோர் ஆய்வையும் வாசிக்கும் மாணவன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: யாருக்குப் பொது? அக்கேள்வியைக் கேளாத விஞ்ஞானம் நடுநிலையானதன்று. ஆதிக்கத்துக்கு வாய்பொத்திப் பணிசெய்வதே அது.