கெளுத்தியும் பொன்னம்பலமும்

தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். அதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோயில் மலர்களையும் ஆய்வேடுகளையும் மீட்க, பழைய குறிகளைத் தேடி யூனிகோடு எழுத்துகளாக மாற்றும் விதிப் பட்டியலை மென்பொருளில் ஏற்றுகிறோம். பட்டியல் கிடைத்தாலே போதும் என்ற நினைப்பைத்தான் எதிர்க்கிறேன். வரிசைதான் அதன் உயிர். பழைய எழுத்துருவில் ‘பொ’ என்பது கொம்பு, ப, கால் என மூன்று துண்டு. ‘பா’வுக்கான விதி முந்திக்கொண்டால் சிதம்பரத்துப் பொன்னம்பலம் ‘ெபான்னம்பலம்’ ஆகும். நீளமான விதி முதலில் வர வேண்டும். அதைவிடச் சிக்கல் ஔகாரம். பல கோப்புகளில் ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என்றே கிடக்கும். திருத்துகிறேன் என்று ‘கெள’ அத்தனையையும் ‘கௌ’ ஆக்கினால், கடலூர்த் துறைமுகத்துக் கெளுத்தி மீன் ‘கௌுத்தி’ ஆகிவிடும்; பிறகு எந்தத் தேடலிலும் அகப்படாது. அங்கே எழுத்தையல்ல, முழுச் சொல்லைத்தான் மாற்ற வேண்டும். பட்டியலை யூடிஎஃப்-8 ஆகச் சேமிப்பதும் மூலத்துக்கு நகல் வைப்பதும் அடிப்படை. ஒவ்வொரு சிறு அச்சகத்துக்காரரும் இதற்காகத் தனியே தலையை உடைத்துக்கொள்வது அநியாயம். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நன்றாகச் சோதித்த பட்டியல் ஒன்றை எல்லோருக்கும் இலவசமாகத் தர வேண்டும். புதுப் பிழை தென்படும்போதெல்லாம் அதைச் சேர்த்து, தேதியிட்டு மறுபடி வெளியிட வேண்டும்.