ஆயிரம் குதிரைசக்தி யாருக்கு வேண்டும்?

டொயோட்டா சுப்ரா என்றதுமே "ஆயிரம் குதிரைசக்தி" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். 1993-ல் வந்த அந்த மாடலின் 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜினுக்கு ஜப்பானில் கணக்கில் காட்டிய சக்தி 280தான். அமெரிக்காவுக்குப் போனது 320. மீதியெல்லாம் பிறகு வெளியே ஏற்றியது.

ஏற்ற முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. வார்ப்பிரும்பு பிளாக், ஃபோர்ஜ் செய்த கிராங்க் ஷாஃப்ட், அதைத் தாங்க ஏழு மெயின் பேரிங், பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஜெட்கள்... தேவைக்கு மேலேயே பலம் வைத்திருந்தார்கள். காமர்ஸ் பாஷையில் சொன்னால் அது ரிசர்வ். டியூனிங் செய்கிறவர்கள் அதை எடுத்து டிவிடெண்டாகக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கட்டும், ஆனால் முழுவதையுமா?

ரேஸ் கார் என்றால் சரி, பந்தயம் முடிந்ததும் இன்ஜினைப் பிரித்துவிடுவார்கள். ரோட்டில் ஓடும் கார் அப்படியா? டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஊர வேண்டும், கிடைக்கிற பெட்ரோலைக் குடிக்க வேண்டும், காலையில் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆக வேண்டும். ரொம்பப் பெரிய டர்போ போட்டால் அது சுழன்று அழுத்தம் சேர்வதற்குள் அடுத்த சிக்னல் வந்துவிடும் :-)

இன்ஜினைக் கொல்வது பெரும்பாலும் சூடும் நாக்கிங்கும்தான். டர்போ அழுத்தத்தை ஏற்றினால் சிலிண்டருக்குள் காற்று அதிகமாகப் போகும். அதற்கு ஈடாகப் பெட்ரோல் போகாவிட்டால் சூடு எகிறும். ஆக்டேன் போதாவிட்டால் மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும், அதுதான் நாக்கிங். அப்புறம் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும், ஹெட் கேஸ்கெட் போகும். ஆகவே முதல் பணம் ரேடியேட்டர், இன்டர்கூலர், ஃப்யூயல் பம்ப், இன்ஜெக்டர், ஒழுங்கான இசியு டியூனிங் என்று போக வேண்டும். டர்போ கடைசி. நடப்பதோ தலைகீழ்! பானெட்டைத் திறந்தால் டர்போதானே கண்ணில் படுகிறது, ஃப்யூயல் பம்ப்பை யார் போட்டோ எடுப்பார்கள்?

ஹோண்டாவைப் பாருங்கள். 1999-ல் எஸ்2000 காரில் டர்போவே இல்லாமல், வெறும் 2 லிட்டரில், ஜப்பானில் 250 குதிரைசக்தி. கிட்டத்தட்ட 9000 ஆர்பிஎம் வரை சுழலும். அதை வாரண்டியோடு விற்றார்கள். விடெக் இருப்பதால் ஊருக்குள் சாதுவான கேம், 6000 ஆர்பிஎம் பக்கம் போனால் முரட்டுக் கேம். (ஆயில் அளவைப் பார்க்காமல் விட்டால் அதுவும் மன்னிக்காது, அது வேறு விஷயம்.)

டைனோவில் 700 வந்ததும் கைதட்டுகிற டியூனரைவிட, "600-ல் நிறுத்திக்கலாம், கோடையிலும் ஓட்டணும்ல" என்கிறவரிடம்தான் காரைக் கொடுக்க வேண்டும். அவர் கொஞ்சம் கூடுதலாகக் காசு கேட்டாலும்.