குசேலனை வெட்டியது யார்?

போன வாரம் நண்பன் ஒருவன் புலனத்தில் ஒரு முன்னோட்டத்தை அனுப்பி, "தமிழ்ல இப்படி ஒரு படம் நடிக்க எவனுக்காவது தைரியம் இருக்கா மச்சான்?" என்று கேட்டிருந்தான். சார்லி எக்ஸ்சிஎக்ஸ் என்ற பிரிட்டிஷ் பாடகி நடித்த 'தி மொமெண்ட்'. 2024இல் 'பிராட்' என்ற இசைத்தொகுப்பு அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. படத்தில் அவர் அவராகவே வருகிறார். ஆனால் நிஜத்தைவிடக் கொஞ்சம் முட்டாளாக, கொஞ்சம் சுயநலக்காரியாக, நிறையப் பயந்தவராக. ஆவணப்படம் மாதிரியே எடுக்கப்பட்ட போலி ஆவணப்படம் அது. பாட்டுக் கம்பெனிக்கு அந்த மவுசு முடியவே கூடாது. கச்சேரிப் படம் எடு, கடன் அட்டையில் பேரைப் போடு என்று இழுத்துக்கொண்டே போகிறார்கள். முடிந்துபோன ஒன்றை எப்படி விடுவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அதுதான் கதை.

நான் அவனுக்கு எழுதிய பதில்: தைரியம் இருந்துச்சு. 2008லயே படம் வந்துச்சு. நாமதான் வெட்டினோம்.

அவன் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

'குசேலன்' நினைவிருக்கிறதா? பி. வாசு இயக்கியது. முந்தைய ஆண்டு மலையாளத்தில் ஸ்ரீநிவாசன் எழுதி நடித்த 'கத பறயும்போள்' படத்தின் தழுவல். கிராமத்தில் முடிதிருத்தும் பாலகிருஷ்ணன், அவனுடைய பால்ய நண்பன் பெரிய நடிகன். நடிகன் படப்பிடிப்புக்காக அந்த ஊருக்கே வருகிறான். ஊரே முண்டியடிக்கிறது. பாலகிருஷ்ணன் மட்டும் ஒதுங்கி நிற்கிறான். மலையாளத்தில் அது முழுக்க முழுக்க அந்தக் கடைக்காரனின் படம். மம்முட்டி கொஞ்ச நேரம் வந்து, கடைசியில் அழவைத்துவிட்டுப் போவார். தமிழில் ரஜினிகாந்த் அசோக்குமார் என்ற சூப்பர் ஸ்டாராக வந்தார். அதாவது ரஜினியாகவே வந்தார். வந்தவர் படத்தையும் எடுத்துக்கொண்டார். பசுபதி நன்றாக நடித்தும் அவர் வீட்டிலேயே அவர் விருந்தாளி மாதிரி இருந்தார்.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு காட்சி இருந்தது. அரசியலுக்கு வருவேன் என்கிற மாதிரி முந்தைய படங்களில் பேசினீர்களே, என்ன ஆச்சு என்று ஒருவர் கேட்கிறார். அதெல்லாம் வசனகர்த்தா எழுதிக் கொடுத்தது, நான் பேசினேன், நீங்க அதை நிஜம்னு எடுத்துக்கிட்டா நான் என்ன செய்யறது என்கிற தொனியில் பதில் வரும். ஒரு தமிழ் நட்சத்திரம் தன் பிம்பத்தைத் தானே ஊசி குத்தி உடைத்த இடம் அது. மேற்கே இதை ஒரு முழுப்படமாக நீட்டிக் கொண்டாடுகிறார்கள். நமக்கு ஒரு நிமிடம் தாங்கவில்லை. ரசிகர்கள் கொதித்தார்கள், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த வசனங்களை வெட்டினார்கள். தணிக்கை வாரியம் வெட்டியதல்ல. அரசாங்கமும் அல்ல.

ஈப்போவில் அப்பாவோடு அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. தியேட்டரை விட்டு வரும்போது அப்பாவின் முகம் தொங்கிப்போயிருந்தது. "தலைவர் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பேராக்கில் லாரி ஓட்டுகிற ஒரு மனிதருக்கும் தமிழ்நாட்டுச் சட்டசபைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற வயது எனக்கு அப்போது இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாரும் அறிவோம். 2017 டிசம்பர் 31 அன்று வருகிறேன் என்றார். 2020 டிசம்பர் 29 அன்று உடல்நிலை இடம் கொடுக்கவில்லை, வரவில்லை என்றார். எழுபது வயது மனிதர், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர், கொரோனா காலம். சரி, ஓய்வெடுங்க என்று சொல்லியிருக்கலாம். 2021 ஜனவரி 10 அன்று வள்ளுவர் கோட்டத்தில் கூடி, வாங்க, வந்தே ஆகணும் என்று கத்தினார்கள். என்னை மேலும் வேதனைப்படுத்தாதீர்கள் என்று அவர் அறிக்கை விட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. இதில் யார் நட்சத்திரம், யார் கைதி?

இந்த இடத்தில் கமல் ரசிகர்கள் கையைத் தூக்குவார்கள், தெரியும். 'உத்தம வில்லன்' இல்லையா? இருக்கிறது. 2015இல் வந்தது, ரமேஷ் அரவிந்த் இயக்கம், எழுத்து கமல். மனோரஞ்சன் என்ற உச்ச நட்சத்திரத்துக்கு மூளையில் கட்டி. சாவதற்குள் தன்னை உருவாக்கிய இயக்குநரிடம் போய் ஒரு சிரிப்புப் படம் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்கிறான். அந்த இயக்குநராக நடித்த கே. பாலசந்தர் படம் வெளிவருவதற்கு முன்பே, 2014 டிசம்பரில், நிஜமாகவே போய்விட்டார். தமிழில் புகழைப் பற்றி வந்த படங்களில் இதற்குப் பக்கத்தில் வைக்க வேறு ஒன்று எனக்குத் தெரியவில்லை. பழைய காதலியின் கடிதங்களை மறைத்து வைத்த மேலாளராக எம்.எஸ். பாஸ்கர் வரும் காட்சிகளை இப்போதும் திரும்பப் பார்ப்பேன்.

ஆனாலும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். அந்தப் படத்தில் நட்சத்திரத்தை விடுவிப்பது சாவு. சாகப்போகிறவனை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். அவன் செய்த தப்பெல்லாம் கண்ணீரில் கழுவப்பட்டு, கடைசியில் முன்பைவிடப் பெரியவனாகிவிடுகிறான். சார்லியின் படத்தில் இப்படித் தப்பிக்க வழியில்லை. மறுநாள் எழுந்து வேலைக்குப் போக வேண்டும், முகத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். நம்ம ஊரில் நட்சத்திரம் இறங்குவதற்கு இரண்டே வாசல்கள் வைத்திருக்கிறோம். ஒன்று சுடுகாடு. இன்னொன்று கோட்டை. (அஜித் 2011இல் மன்றங்களைக் கலைத்தார், 2021இல் 'தல' என்று கூப்பிடாதீர்கள் என்றார். சும்மா விட்டார்களா? இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.)

இப்போது என் வாக்குமூலம். 2025 டிசம்பர் 27, சனிக்கிழமை, நான் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் இருந்தேன். 'ஜன நாயகன்' பாடல் வெளியீடு. விஜய்யின் கடைசிப் படம் என்பதால் பிரியாவிடை. தம்பியும் அவன் கூட்டாளிகளும் ஈப்போவிலிருந்து பஸ் பிடித்தார்கள், ஓர் இடம் காலியாக இருந்தது, போனேன். டிக்கெட், பஸ், சாப்பாடு என்று 300 வெள்ளியைத் தாண்டியது. பாடல்களுக்கு நானும் கத்தினேன். மறுநாள் தொண்டை கட்டியிருந்தது. ஆகவே இது மேலே நின்றுகொண்டு கீழே இருப்பவர்களைத் திட்டுகிற கட்டுரை இல்லை.

வழக்கம்போல ஒரு குட்டிக் கதை சொன்னார். எனக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த ரசிகர்களுக்காக நான் சினிமாவையே விட்டுக்கொடுக்கிறேன் என்ற பொருளில் பேசினார். எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கம் அதிர்ந்தது. தம்பி அழுதான். இருபத்தொரு வயதுப் பையன், எங்கள் பாட்டி செத்த வீட்டில்கூட அழாதவன்.

நான் அந்த வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். விட்டுக்கொடுப்பது என்றால் கை காலியாக வேண்டும். 33 வருடம் நடித்து, உச்சத்தில் இருக்கும்போது, 2024இல் தொடங்கிய சொந்தக் கட்சிக்குப் போவதை விட்டுக்கொடுத்தல் என்று எந்த அகராதி சொல்கிறது? அவர் போகட்டும், அது அவர் உரிமை, நல்லது செய்தால் தமிழ்நாட்டுக்காரர்கள் வாழ்த்தட்டும். என் கேள்வி அந்தச் சொல்லைப் பற்றியது. பதவி மாற்றத்துக்குத் துறவு என்று பெயர் வைக்கிறார்கள். நாம் டிக்கெட் வாங்கி அதற்கு அழுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. செப்டம்பர் 27 அன்று கரூரில் அவருடைய பிரச்சாரக் கூட்டத்தில் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும். புக்கிட் ஜாலில் நடந்தது சரியாக மூன்று மாதம் கழித்து, அதே தேதியில். அரசியல் பேசக் கூடாது என்று நம் போலீஸ் நிபந்தனை போட்டிருந்தது. எங்களுக்கு எண் போட்ட நாற்காலி, வாசலில் சோதனை, வெளியே வந்தால் எல்ஆர்டி. நாங்கள் சுத்தமான கூட்டம். கத்துவோம், அழுவோம், ஓட்டுப் போட மாட்டோம், சாக மாட்டோம். திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிறகு தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது, கரூரின் மேல் போர்த்திய பளபளப்பான துணியில் நானும் ஒரு நூல் என்று தோன்றியது. மறுநாள் அவர் சென்னை விமான நிலையத்தில் இறங்கியபோது கூட்டம் மறுபடியும் நெருக்கி, அவரே தடுமாறி விழுந்தார்.

சின்ன வயதில் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு நேராகப் பிடித்தால் வீல் என்று கத்தும். ஒலிபெருக்கியின் சத்தம் மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி ஒலிபெருக்கியில் வந்து, மறுபடி மைக்குக்குள் போகும். படித்து எஞ்சினியர் ஆனபிறகு அதன் கணக்கு தெரிந்தது. நிறுத்த இரண்டு வழி: சத்தத்தைக் குறை, அல்லது மைக்கை நகர்த்து. ஒலிபெருக்கியைப் பார்த்து ஏன் கத்துகிறாய் என்று கேட்டுப் பயன் இல்லை. நட்சத்திரத்துக்கு அடக்கம் வேண்டும் என்று எழுதப்படும் கட்டுரைகள் எல்லாம் ஒலிபெருக்கியிடம் பேசுகின்றன. நகர வேண்டிய மைக் நம் கையில் இருக்கிறது.

அப்பா பிறந்த தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். அவர் சின்னப் பையனாக இருந்தபோது பெரட்டுக்களத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்களாம். துணிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு எம்.ஜி.ஆர் இடது கையால் வாள் சுற்றுவார். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர் இறந்தபோது கோயில் முன்னால் படம் வைத்து, மாலை போட்டு, ஆண்கள் சிலர் மொட்டை அடித்துக்கொண்டார்கள். அப்பாவின் பெரியப்பா அவர்களில் ஒருவர்.

சில வருடங்களில் தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். மூன்று தலைமுறை பால் வெட்டிய குடும்பங்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கட்டில், அலமாரி, கோழிக்கூண்டு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினார்கள். அன்றைக்கு யாரும் மொட்டை அடிக்கவில்லை. "அழுதீங்களாப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். "எங்க நேரம்? மழை வரமாதிரி இருந்துச்சு, சாமானெல்லாம் நனஞ்சிரும்னு அவசரம்" என்றார்.

எனக்கு இந்த இரண்டு துக்கங்களும் சேர்ந்துதான் நினைவுக்கு வருகின்றன. பார்க்காத மனிதருக்கு மொட்டை. பிறந்த வீட்டுக்கு ஒரு சொட்டும் இல்லை. நாம் நிஜமாக விட்டுவிட்டு வந்த எதற்கும் பிரியாவிடை விழா நடக்கவில்லை. அந்த அழுகையெல்லாம் எங்கோ தேங்கியிருந்து, யாரோ ஒருவர் சம்பளம் வாங்கி நடித்து முடித்துக் கிளம்பும்போது கொட்டுகிறது போலிருக்கிறது. தம்பி லயத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவன் அழுததில் அதுவும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். இதை நிரூபிக்க முடியாது.

"ஒரு நாள் சந்தோஷமா இருந்துட்டுப் போறாங்க, உனக்கென்ன?" என்பார்கள். நியாயமான கேள்வி. அந்த ஒரு நாளுக்கு நான் வரி கேட்கவில்லை. மீதி நாட்களைத்தான் கேட்கிறேன். புக்கிட் ஜாலிலுக்குச் சரியாகப் பத்து வருடம் முன்பு, 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வெளிவந்தது. தோட்டத்திலிருந்து பெயர்ந்து புறம்போக்கில் குடியேறிய குடும்பத்தின் கதை. அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படம் என்ற விருதே வாங்கியது. எஸ்பிஎம் முடித்த கையோடு அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் காட்சியில் பாதி இருக்கைகூட நிரம்பவில்லை. வெளியே வந்து அப்பா சொன்னார்: "நல்லாத்தான் எடுத்திருக்கான். ஆனா நம்ம வீட்டைப் பாக்க யாருடா காசு குடுப்பா?"

இன்றுவரை எனக்கு அதற்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. ஆனால் குசேலன் கதையே அதுதானே? முடிதிருத்துகிறவனின் கதை என்று கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தால் நட்சத்திரம் உட்கார்ந்திருந்தார், நாமும் அவரையே பார்த்துவிட்டு வந்தோம். நம் ஊர் இலக்கியக் கூட்டங்களில் சினிமா மோகத்தைத் திட்டுகிற அண்ணன்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்களும் தமிழ்நாட்டிலிருந்து எழுத்தாளர் வந்தால்தான் மண்டபம் தேடுகிறீர்கள். உள்ளூர்க்காரன் புத்தகம் போட்டால் கடையின் பின் மேசை போதும் என்கிறீர்கள்.

என் கூட்டாளி ஒருத்தன் தோட்டத்தைப் பற்றி இருபது நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறான். கேமராவைத் தவிர எல்லாம் கடன். அதில் அவனே அவனாக வருகிறான்: மூன்று படம் எடுத்தும் யாருக்கும் பேர் தெரியாத இயக்குநர், தன்னைத் தெரியுமா என்று ஈப்போ லிட்டல் இந்தியாவில் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் கேட்கிறான். ஒரு பூக்கடை அக்கா "நீ ரெண்டு வருஷம் முன்ன மாலைக்குக் காசு குடுக்காமப் போன பையன் தானே?" என்கிறார். நிஜமாகவே கேட்டாராம், வெட்டாமல் வைத்துவிட்டான்.

வர்ற சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குத் திரையிடல். தம்பியிடம் சொன்னேன். டிக்கெட் இல்லை, சும்மா வந்து உட்கார்ந்தால் போதும், ரொட்டி சானாய் நான் வாங்கித் தருகிறேன் என்றேன். கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினான். ஜனவரி 9 அன்று வந்திருக்க வேண்டிய 'ஜன நாயகன்' தணிக்கைச் சிக்கலில் தள்ளிப்போனதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்தி பார்க்கிறான்.

"வரேண்ணே" என்றான். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அன்னிக்குப் படம் ரிலீஸ் ஆகாம இருந்தா."