பண்ணைக்கு மானியம், சவாரிக்கு?

2024 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை தேசியக் கால்நடை இயக்கத்தில் குதிரையையும் சேர்த்தது. பண்ணை தொடங்குவோருக்கு 50 சதவீத மூலதன மானியம்; உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். வளர்க்க வழி சொன்னவர்கள், வளர்ந்த குதிரையில் யார் ஏறுவது என்பதைச் சொல்லவில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

2012 கணக்கெடுப்பில் நாட்டில் 6.25 லட்சம் குதிரைகள் இருந்தன. 2019இல் 3.4 லட்சம். ஏழே ஆண்டுகளில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது! மானியம் இல்லாததால் அவை அழியவில்லை. வேலை இல்லாததால் அழிந்தன. ராயபுரத்தில் ஜட்கா ஓடிய தெருக்களில் இன்று ஷேர் ஆட்டோ ஓடுகிறது.

ஓர் இனத்தை வாழவைப்பது அதற்கான தேவைதான் என்பதற்குச் சென்னைக் கடற்கரையே சாட்சி. ஆஸ்திரேலியாவின் 'வேலர்' குதிரைகள் ராணுவத்துக்காக இங்கே வந்து இறங்கின. துறைமுகம் கட்டப்படாத காலம் அது. குதிரைகள் கரையேறுவதைக் கட்டுமரங்களோடும் மசூலாப் படகோடும் ஜே.பி. ஈஸ்ட் 1834 வாக்கில் வரைந்திருக்கிறார். இந்தியா வாங்கியது, அந்த இனம் செழித்தது. ராணுவம் இயந்திரத்துக்கு மாறியதும் சீந்துவாரில்லை. 1986இல் ஆர்வலர்கள் சங்கம் அமைத்து மீட்டார்கள். இன்று வேலர் ஆஸ்திரேலியாவில் குடும்பங்கள் சவாரி செய்யும் குதிரை.

நம்மிடம் கத்தியவார் என்ற நாட்டுக்குதிரை இனம் இருக்கிறது. உள்வளைந்த இரண்டு காதுகளின் நுனியும் உச்சியில் ஒன்றையொன்று தொடும். அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். உயரம் ஏறக்குறைய நாலே முக்கால் அடி. பந்தயக் குதிரையைவிட அரையடி குறைவு, வெயில் தாங்கும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்கே வருகிறது. குழந்தை ஏறிப் பழக இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் சென்னையில் குதிரை என்றாலே கிண்டி பந்தயத் திடலும் அதன் குத்தகைப் பாக்கியும்தான் பேச்சு. சவாரி பணக்காரர் விளையாட்டு என்பவர்கள், அதை அப்படியே வைத்திருக்க விரும்புகிறவர்கள். குதிரை மீது ஏறுவதே கொடுமை என்பவர்களுக்கு இனம் அழிவது கொடுமையாகத் தெரியவில்லை. வடசென்னையில் ஒரு பொதுச் சவாரித் திடல் வேண்டும் என்றால், கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் பக்கம் குதிரையா என்றும் கேட்பார்கள். சாலையில் யார் விடச் சொன்னது? சுற்றுச்சுவர் போட்ட, மண் பரப்பிய, நிழலுள்ள மைதானம் போதும். வைத்தியத்துக்கு 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது.

மெரினாவில் குழந்தையைச் சேணத்தில் தூக்கிவைத்து, கயிற்றைப் பிடித்து அலை வரை நடத்திக் கூட்டி வருகிறார் குதிரைக்காரர். ஒரு புகைப்படம், சவாரி முடிந்தது. லாடம் தேய்ந்ததை நடையிலேயே கண்டுபிடிக்கும் அவருக்கு முறையான பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்தால் முதல்தரமான ஆசிரியராவார்.

துறைமுகமும் ஆலைகளும் வடசென்னையின் கரையை எடுத்துக்கொண்டன. பதிலுக்குத் திருவொற்றியூரில் மூன்று ஏக்கர் கேட்பது அதிகமில்லை. இருபது கத்தியவார் குதிரைகளோடு பொதுச் சவாரித் திடல் அமைந்தால் பத்தாண்டுகளில் தமிழகம் முழுக்க நாட்டுக்குதிரை திரும்பிவிடும். மாநகராட்சி வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.