சுவைஞர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டு என்னும் தொகையிலுள்ள பாடல்களுள் ஐந்து, ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. அவற்றுள் நான்கு, கலைஞரைப் புரவலரிடம் வழிப்படுத்துவன. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையால் வாடிய மற்றொரு பாணனை வழியில் காண்கிறான். தான் பெற்ற செல்வத்தை மறைத்துக்கொண்டு அவன் ஒதுங்கிப் போவதில்லை. செல்ல வேண்டிய நெறி எது, இடையிலுள்ள ஊர்கள் எவை, அங்கு வாழ்வோர் எத்தகையோர், இறுதியில் காணும் வள்ளலின் இயல்பு யாது என்பவற்றையெல்லாம் எடுத்துரைத்து, அவனை அவ்வழியே போக்குகிறான். தான் பெற்ற பயனைப் பிறரும் பெறவேண்டும் என்னும் நல்லுள்ளமே இங்ஙனம் ஓர் இலக்கிய வகையாக மலர்ந்தது.

இன்று முடியுடை வேந்தரும் இல்லை. குறுநில வள்ளல்களும் இல்லை. கலைஞரைக் காக்கும் பொறுப்பு பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டது. நுழைவுச் சீட்டு வாங்கி இசை கேட்பவனும், விலை கொடுத்து ஓர் ஓவியத்தைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டுபவனும், கண்ட கலையைப் பிறரிடம் எடுத்துரைப்பவனுமே இக்காலத்துப் பாரியும் நள்ளியும் ஆவர். ஆயினும் ஒரு குறை உண்டு. அக்காலத்தில் வள்ளல் இருக்கும் இடத்தைக் கலைஞன் அறியாதிருந்தான். இக்காலத்திலோ, கலைஞன் இருக்கும் இடத்தை வள்ளலாகிய மக்கள் அறியாதிருக்கின்றனர். ஆகவே ஆற்றுப்படையின் திசை மாறவேண்டும். ஆற்றுப்படுத்தப்படுவோரின் பெயரால் நூலுக்குப் பெயரிடுதல் பெருவழக்கு. அவ்வழக்குப்படி, இக்காலத்திற்கு வேண்டுவது சுவைஞர் ஆற்றுப்படை எனலாம்.

திரைப்படம், தொலைக்காட்சி, பெரிய அரங்கு, செல்வர் நடத்தும் ஓவியக்கூடம் ஆகியவை கலையுலகின் பெருவழிகள். அவற்றின்வழி வரும் கலைஞரை மக்கள் எளிதில் அறிவர். பெருவழியை விட்டு விலகித் தமக்கெனத் தனி நெறி வகுத்துக்கொண்டு உழைக்கும் ஓவியரும் சிற்பியரும் இசைவாணரும் பலர் உளர். அவர்கள் ஆக்கும் பொருள் பழகிய வடிவில் இராது. அதனால் முதற்காட்சியில் அது விந்தையாகவோ வீண்வேலையாகவோ தோன்றும். அங்ஙனம் தோன்றிய ஒன்றினுள் அருங்கலை ஒளிந்திருத்தல் கூடும் என்பதற்குச் சண்டிகர் நகரம் சான்று பகர்கின்றது.

நேக் சந்து என்பவர், 1947ஆம் ஆண்டு நாட்டுப் பிரிவினையின்போது தம் ஊரை இழந்து வந்தவர். சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளராகப் பணியாற்றியவர். பிரெஞ்சு நாட்டுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வகுத்த திட்டப்படி அப்புதிய நகரம் எழுந்துகொண்டிருந்தது. அதற்கு இடங்கொடுக்கும் பொருட்டுப் பல சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. இடிபாடுகளில் கிடந்த உடைந்த ஓடுகளையும், பீங்கான் சில்லுகளையும், வளையல் துண்டுகளையும், உருவில் விந்தையான கற்களையும் நேக் சந்து தம் மிதிவண்டியில் சுமந்து சென்று, நகர எல்லையில் இருந்த காட்டுப் பகுதி ஒன்றில் சேர்த்து வைத்தார். 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய இத்தொகுப்பு, நாளடைவில் மனிதரும் விலங்கும் பறவையுமாகிய சிற்பக் கூட்டமாக உருப்பெற்றது. பகலில் அலுவல்; மாலையிலும் இரவிலும் சிற்பவேலை. இவ்வாறு ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஊரறியாமல் அவர் உழைத்தார்.

அவ்விடம் அரசுக்கு உரியது. எவரும் எதுவும் கட்டக்கூடாது என்று தடை செய்யப்பட்டது. 1970களின் நடுவில் அதிகாரிகள் அதனைக் கண்டுபிடித்தபொழுது, சட்டப்படி அதனை இடித்துத் தள்ளியிருக்கலாம். இடிப்பதற்கு ஒரு நாள் போதும். ஆக்கியதற்கோ 18 ஆண்டுகள் ஆயின. அதனைக் கண்டோர் உள்ளம் நெகிழ்ந்தனர். 'இது குற்றமா, கலையா?' என்னும் வினா எழுந்தது. கலையே என்னும் விடை வென்றது. 1976ஆம் ஆண்டில் பாறைத் தோட்டம் என்னும் பெயரால் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேக் சந்துக்கு அத்தோட்டத்தையே பொறுப்பாக அளித்து, ஊதியமும் உதவிக்கு ஆட்களும் அரசு கொடுத்தது. 1984ஆம் ஆண்டில் பத்மசிறீ விருதும் அவரை நாடி வந்தது. பின்னர், 1990ஆம் ஆண்டளவில், சாலை அமைப்பதற்காகத் தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்க எந்திரங்கள் வந்தபொழுது, நகர மக்கள் கைகோத்து அரணாக நின்று அதனைக் காத்தனர். நேக் சந்து 2015ஆம் ஆண்டில் மறைந்தார்; தோட்டம் நிலைத்து நிற்கிறது. குப்பையில் கலையைக் கண்ட கண் அவருடையது. அவர் ஆக்கியது கலையென்று உணர்ந்த கண்கள் மக்களுடையவை. இவ்விரண்டில் எது குறைந்திருந்தாலும் அத்தோட்டம் இன்று இராது.

கண்டுணர்வோர் காலந்தாழ்த்தால் நேரும் இழப்பை ஓர் இசைவாணரின் வாழ்க்கை காட்டும். அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரில், மெக்சிக்கோவிலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ். கித்தார் இசைத்துத் தாமே எழுதிய பாடல்களைப் பாடுவார். ஏழையர் தெருவும் வேலையற்றோர் துயரமும் அவர் பாடுபொருள்கள். 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் அவருடைய இசைத்தட்டுகள் இரண்டு வெளிவந்தன. தாய்நாட்டில் அவற்றை வாங்குவார் அரியர். இசைத்தட்டு நிறுவனம் அவரைக் கைவிட்டது. பழைய வீடுகளை இடித்தும் பழுதுபார்த்தும் கூலிவேலை செய்து அவர் பிழைத்தார்.

இதற்கிடையே அவ்விசைத்தட்டுகள் கடல் கடந்து தென்னாப்பிரிக்காவை அடைந்தன. நிறவெறி ஆட்சியின் இறுக்கத்தில் வாழ்ந்த அந்நாட்டு இளைஞர் பலர் அப்பாடல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டனர். வீடுதோறும் அவர் குரல் ஒலித்தது. அவர் இறந்துவிட்டார் என்றே அங்குள்ளோர் நம்பினர். அவரோ, அந்நாட்டில் தமக்கிருந்த புகழைச் சிறிதும் அறியாமல் டெட்ராய்ட்டில் செங்கல் சுமந்துகொண்டிருந்தார். இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவரும் இதழாளர் ஒருவரும் அவரைத் தேடத் தலைப்பட்டனர். 1997ஆம் ஆண்டில் அவர் உயிரோடு இருப்பது தெரியவந்தது. மறு ஆண்டில் அவர் தென்னாப்பிரிக்கா சென்று பல்லாயிரவர் முன்னிலையில் பாடினார். அவரைத் தேடிய வரலாற்றைக் கூறும் ஆவணப்படம் 2012இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருது பெற்றது. ரோட்ரிகஸ் 2023ஆம் ஆண்டில் தம் 81ஆம் வயதில் காலமானார். முதுமையிலேனும் புகழ் வந்ததே என்று மகிழலாம். ஆயினும், இளமையில் அவர் பாடியிருக்கக்கூடிய பாடல்கள் எத்தனை? அவற்றை எந்த விருதும் மீட்டுத் தராது. கலைஞன் உயிரோடும் வலிமையோடும் இருக்கும் காலத்திலேயே அவனைக் கண்டுகொள்ளவேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.

தேடிச் செல்வோரால் விளையும் நன்மைக்குப் போபால் நகரின் பாரத் பவன் எடுத்துக்காட்டாகும். அங்குக் கலைக்கூடம் அமைக்கும் பணி, சிம்லாவில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த ஓவியர் சுவாமிநாதனிடம் ஒப்படைக்கப்பட்டது. நகரத்து ஓவியரின் படைப்புகளை மட்டும் திரட்டி அவர் அமைதி கொள்ளவில்லை. இளைஞர் பலரை மத்தியப் பிரதேசத்தின் சிற்றூர்களுக்கு அனுப்பினார். 1981ஆம் ஆண்டில் பாட்டன்கட் என்னும் ஊருக்குச் சென்றவர்கள், வீட்டுச் சுவரில் வரையப்பட்டிருந்த ஓவியம் கண்டு வியந்தனர். வரைந்தவர் சன்கட் சிங் சியாம் என்னும் இளைஞர். அவர் பிறந்த பிரதான் குடியினர், வழிவழியாகக் கோண்டு மக்களின் தெய்வங்களையும் மன்னர்களையும் பாடிப் பரிசில் பெற்றவர்கள். அவர்கள் கையிலிருந்த நரம்புக் கருவியின் பெயர் பானா. தமிழ்ப் பாணரோடு அப்பெயருக்குள்ள ஒலியொப்புமை தற்செயலாக இருக்கலாம், தொழிலொப்புமை வெளிப்படை. புரவலர் குறைந்து பாட்டு நலிந்த காலத்தில், பாட்டில் வாழ்ந்த தெய்வங்களைச் சன்கட் வண்ணத்தில் வாழவைத்தார். 1989ஆம் ஆண்டில் பாரிசு நகரப் பெருங்கண்காட்சியில் அவர் ஓவியம் இடம்பெற்றது. அவர் காட்டிய நெறியில் அவருடைய உறவினரும் ஊரினரும் வரையத் தொடங்கினர். இன்று அந்நெறி 'சன்கட் கலம்' என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆயினும் அவர் 2001ஆம் ஆண்டில், நாற்பது வயது நிரம்புமுன், ஜப்பான் நாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் ஓவியம் வரையச் சென்றிருந்த காலத்தில், தம் மக்களைப் பிரிந்து தனிமையில் உயிர்துறந்தார். கலையைக் கண்டு பாராட்டுவதோடு கடமை முடிவதில்லை. கலைஞனும் பசியும் துயரும் உடைய மனிதன். அவன் நலத்தையும் பேணவேண்டும். இவ்வுண்மையை அவர் முடிவு உணர்த்துகிறது.

'நல்ல கலை தானே நிலைக்கும். காலம் என்னும் சல்லடை உமியை நீக்கி மணியை நிறுத்தும். இளைஞர் வீணாகத் தேடி அலைவானேன்?' என்று வினவுவோர் உளர். கேட்பதற்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆயின், சல்லடையில் எவரும் இடாத மணியைச் சல்லடை எங்ஙனம் நிறுத்தும்? 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், 'சீவக சிந்தாமணி படித்ததுண்டோ?' என்று உ. வே. சாமிநாதையரை வினவினார். அவ்வினாவே ஓர் ஆற்றுப்படையாயிற்று. ஐயர் ஏடு தேடினார்; 1887இல் சிந்தாமணி அச்சேறியது; பத்துப்பாட்டு முதலிய நூல்களும் பின்னர் ஒளி கண்டன. எவரும் தேடாத ஏடுகளோ கறையானுக்கு இரையாயின. பழஞ்சுவடிக்குப் பொருந்தும் இந்நீதி, நேற்று வரைந்த ஓவியத்திற்கும் இன்று பாடிய பாட்டிற்கும் பொருந்தும். காலம் என்பது வேறொன்றன்று. அந்தந்த நாளில் வாழும் மக்களின் கண்ணும் செவியுமே.

தமிழகத்திலும் தேடத்தக்க கலைஞர் குறைவல்லர். சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக விளங்கிய கே. சி. எஸ். பணிக்கரும் அவரைச் சார்ந்த ஓவியரும் சிற்பியரும், மெழுகுச் சாயவேலை செய்த துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி, 1966ஆம் ஆண்டில் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் சிற்றூரை அமைத்தனர். ஓவியம் விலைபோகவில்லை என்பதற்காக அவர்கள் ஓவியத்தை விடவில்லை. கைத்தொழிலால் வயிற்றைக் காத்து, கலையைத் தம் விருப்பப்படி வளர்த்தனர். இசைத்துறையில், திரைப்படப் பாட்டே பாட்டு என்று எண்ணுவோர் மிகப் பலர். வடசென்னைத் தெருக்களில் சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவையும், பறையையும், மேலைநாட்டு இசைமுறைகளையும் இணைத்து, 2018 சனவரித் திங்களில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழு சென்னையில் மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் முதலியோரின் முயற்சியால் எழுந்த அக்குழு, சாதிக் கொடுமையைச் சாடிப் பாடியது. அம்முறை தமக்கு உவப்பா உவர்ப்பா என்பதைக் கேட்டோரே முடிவு செய்யலாம். கேளாமலே இகழ்தல் அறிவுடைமை ஆகாது.

வழக்கத்திற்கு மாறானது எதுவாயினும் உயர்ந்தது என்று கொள்ளுதலும் தவறே. புதுமை என்னும் போர்வையில் திறமின்மை ஒளிந்துகொள்வதும் உண்டு. ஆகையால் மாணவர், புதிய படைப்பை ஒருமுறை பார்த்து உதறாமலும், ஒருமுறை கேட்டு மயங்காமலும், மீண்டும் மீண்டும் அணுகிப் பழகுதல் வேண்டும். ஆக்கியோன் எதனைச் சொல்ல முயன்றான், அதற்கு அவன் கைக்கொண்ட முறை பொருந்துகிறதா, உழைப்பும் உண்மையும் அதில் உள்ளனவா என்று ஆராய்தல் வேண்டும். மரபை நன்கு பயின்றவனுக்கு இவ்வாராய்ச்சி எளிது. யாழின் இனிமையை அறிந்த செவி, கித்தாரில் இனிமை இருப்பின் அதனையும் அறியும்.

தேடுவதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஊருக்கு அண்மையிலுள்ள கலைக் கல்லூரியின் காட்சி, கோயில் திருவிழாவில் நள்ளிரவில் நிகழும் கூத்து, சுவரில் வண்ணந்தீட்டும் இளைஞன், தன் பாட்டைத் தானே ஒலிப்பதிவு செய்து இணையத்தில் வெளியிடும் மாணவி ஆகிய இவையெல்லாம் காண்போரை எதிர்நோக்கி இருக்கின்றன. கண்டபின் நன்று எனத் தோன்றினால், அதனை ஆக்கியோரிடமே சொல்லலாம். இயன்றால் சிறுவிலை கொடுத்து வாங்கலாம். பின்னர் நண்பன் ஒருவனிடம், 'இன்ன இடத்தில் இன்னார் இருக்கிறார். சென்று காண்க' என்று உரைக்கலாம். பண்டைப் பாணன் தன் வழியில் எதிர்ப்பட்டவனுக்குச் செய்த உதவி இவ்வளவே. அவ்வுதவியைச் செய்யும் மாணவன், இக்காலத்து ஆற்றுப்படைக்கு ஓர் அடி எழுதியவன் ஆவான்.