சங்கம் கண்டவருக்கு மட்டும் உயர்வு இல்லையாம்!

விளையாடுவதற்குச் சம்பளமா, சம்பளமும் வாங்கிக்கொண்டு சங்கம் வேறா என்று கேலி பேசுவோர் உண்டு. வீடியோ கேம் தயாரிக்கும் தொழிலைக் குறித்துத்தான் இந்தக் கேலி. குளிர்சாதன அறையிலே, நாற்காலியிலே அமர்ந்திருப்பவன் எப்படித் தொழிலாளியாவான் என்பது அவர்களது ஐயப்பாடு. அதைப் போக்க அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று தருவோம்.

விஸ்கான்சின் மாநிலத்திலே ரேவன் சாப்ட்வேர் என்றொரு நிறுவனம். 'கால் ஆப் டூட்டி' என்னும் பெயர்பெற்ற போர் விளையாட்டின் தயாரிப்பில் அதற்குப் பங்கு உண்டு. ஆக்டிவிஷன் என்ற பெரிய கம்பெனிக்குச் சொந்தமானது. அங்கே சோதனையாளர்கள் என்று ஒரு பிரிவினர். ஒரே கட்டத்தை ஓயாமல் திரும்பத் திரும்ப ஓட்டி, எங்கே ஆட்டம் நின்றுபோகிறது, எந்தக் கதவு திறக்க மறுக்கிறது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பது அவர்கள் வேலை. விளையாட்டா இது? ஆட்டம் விற்பனைக்கு வரும் நாள் நெருங்கிவிட்டால் இத்தொழிலில் இரவேது, பகலேது! அந்தக் கொடுமைக்குக் 'கிரஞ்ச்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

2021 டிசம்பரில் அவர்களில் 12 பேருக்கு வேலை இல்லை என்றார்கள். வேலை நிலைக்கும் என்ற வாக்குறுதியை நம்பி, சொந்தச் செலவிலே ஊர்விட்டு ஊர் வந்தவர்களும் அவர்களில் இருந்தனர். உடன் உழைத்தோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2022 ஜனவரியில் சங்கம் கண்டனர்.

அதே ஆண்டு ஏப்ரலில் ஆக்டிவிஷன் திடீரென்று வள்ளலாயிற்று! சுமார் 1,100 சோதனையாளர்களை நிரந்தரமாக்கி, மணிக்குக் குறைந்தது 20 டாலர் கூலி என்று அறிவித்தது. ரேவன் சோதனையாளர்களுக்கு மட்டும் அந்த உயர்வு இல்லை. சங்க முயற்சி நடப்பதால் சட்டம் இடந்தராது என்று காரணம் கூறப்பட்டது.

நாம் கேட்கிறோம்: நேற்றுவரை இல்லாத பணம் இன்று எங்கிருந்து வந்தது? சங்கம் என்ற சொல் காதில் விழுந்த பிறகுதானே பெட்டி திறந்தது? திறந்த பெட்டி, அதைத் திறக்கச் செய்தவர்களுக்கு மட்டும் மூடிக்கொண்டதன் பொருள் என்ன? ஊரார் பார்த்துப் பாடம் கற்கட்டும் என்பதன்றி வேறென்ன?

தொழிலாளர் கற்றது வேறு பாடம். மே மாத வாக்கெடுப்பில் சங்கம் வேண்டும் என்றவர் 19 பேர். வேண்டாம் என்றவர் மூவர்.

வெற்றி உடனே கனிந்துவிடவில்லை. 2023இல் மைக்ரோசாப்ட் ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு ஆக்டிவிஷனை வாங்கியது. மூன்றே மாதத்தில் தன் விளையாட்டுப் பிரிவிலே 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. சங்கம் மந்திரக்கோல் அல்ல. ஆயினும் ரேவன் சோதனையாளர்கள் கலையவில்லை. 2025இல் ஒப்பந்தம் கண்டனர். ஊதிய உயர்வும், கட்டாய மிகைநேர வேலைக்குக் கட்டுப்பாடும் பெற்றனர்.

ஏப்ரலில் அறிவிக்கப்பட்டதும் உயர்வுதான். ஒப்பந்தத்தில் கிடைத்ததும் உயர்வுதான். முன்னது முதலாளி விரும்பியவருக்கு ஈந்தது. வேண்டாதவருக்கு இல்லை என்றது. பின்னது தொழிலாளி எதிரே அமர்ந்து பேசிக் கையெழுத்து வாங்கியது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவன் எந்த நாற்காலியில் அமர்ந்திருந்தால் என்ன? அவன் தொழிலாளியே!