மண்ணுயிருக்கும் பட்டாவா?



ஒரு பாக்கெட் சூடோமோனஸ் வாங்கினால் நாம் என்ன செய்கிறோம்? டிரம்மில் தண்ணீர் விட்டு, வெல்லம் கரைத்து, பெருக்கி வயலுக்கு விடுகிறோம். பக்கத்து வயல்காரருக்கும் ஒரு வாளி கொடுக்கிறோம். கேட்பாரில்லை. நாளைக்கு இதற்கே கோர்ட் நோட்டீஸ் வரலாம்!

எப்படி? பாக்டீரியாவின் வெளித்தோலில் வேற்று உயிரின் புரதத்தை நிறுத்தும் வித்தை வந்து பல வருஷமாச்சு. பாக்டீரியாவின் தோலில் இயல்பாக இருக்கும் புரதத்தின் மரபணுவோடு, வேண்டிய புரதத்தின் மரபணுவை ஒட்டுப்போடுகிறார்கள். வந்த விருந்தாளி திண்ணையிலேயே உட்கார்ந்துகொள்கிற மாதிரி, அயல் புரதம் வெளியே நிற்கும். 1997-இல் அமெரிக்காவில், பாரத்தியான் வகைப் பூச்சிமருந்தை உடைக்கும் நொதியை ஈ.கோலை பாக்டீரியா மேல் இப்படி நிறுத்திக் காட்டினார்கள். நொதி உள்ளே இருந்தால் விஷம் தோலைத் தாண்டி உள்ளே போகவேண்டும். வெளியே நின்றால் வாசலிலேயே சிதைத்துவிடும். நல்ல விஞ்ஞானம்தான். நாங்கள் விஞ்ஞானத்துக்கு எதிரிகள் அல்ல.

ஆனால் கேட்கிறோம். அந்த விஷத்தை மண்ணில் அடிக்கச் சொன்னது யார்? மீதைல் பாரத்தியானைத் தடை செய்ய இந்த நாட்டில் 2018 வரை ஆச்சே! விஷத்துக்கும் நாமே காசு கொடுத்தோம். விஷமுறிவுக்கும் நாமேதான் கொடுக்கணுமா?

சட்டத்தைப் பாருங்கள். 2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்க, மாற்றிக்கொள்ள, பிராண்டு போடாமல் விற்க நமக்கு உரிமை தருகிறது. காப்புரிமைச் சட்டத்தில் 2002-இல் வந்த திருத்தமும் செடி, விலங்கு, விதைக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. ஆனால் அதே வரியில் 'நுண்ணுயிர் நீங்கலாக' என்று ஒரு ஓட்டை! இயற்கையில் கிடைக்கும் கிருமிக்குக் காப்புரிமை கிடையாது. மாற்றியமைத்த கிருமிக்கு உண்டு, 20 வருஷத்துக்கு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆனந்த சக்கரவர்த்தியின் எண்ணெய் தின்னும் பாக்டீரியா வழக்கில் 1980-இல் திறந்த கதவு, நம் வரப்பு வரை வந்துவிட்டது.

"1989 விதிகள் இருக்கே, அனுமதியில்லாமல் வெளியே விடமுடியாதே" என்பார்கள். சரி. அந்த விதி ஆபத்தைப் பார்க்கும். பட்டா யார் பேரில் என்று பார்க்காது. வேண்டாத பயிரைப் பிடுங்கி எறியலாம். வாய்க்கால் தண்ணீரோடு போன கிருமியைப் பொறுக்கி எடுக்க முடியுமா?

நமது கோரிக்கைகள்:

1. விதைக்கு உள்ள உரிமையை உயிர் உரத்துக்கும் கொடு! பெருக்கவும் பகிரவும் சட்டம் போடு!
2. மரபணு மாற்றிய உயிருள்ள கிருமியை வயலில் விடுமுன் கிராம சபையைக் கேள்!
3. விஷமேறிய மண்ணைச் சுத்தம் செய்யும் செலவை, விஷம் விற்ற கம்பெனிகளிடம் வசூல் செய்!
4. மக்கள் வரிப்பணத்தில் கண்டுபிடித்ததை மக்களுக்கே விடு!

விதைக்காகப் போராடினோம். இப்போது மண்ணுக்குள் இருக்கும் உயிருக்காகப் போராட வேண்டிய காலம். வட்டாட்சியர் அலுவலகம் முன் நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்குக் குடும்பத்தோடு அணிதிரண்டு வாரீர்!

மண் நமதே! மண்ணுயிரும் நமதே!

இவண்,
விவசாயிகள் சங்கம்